பேத்தி தைத்த யானை



மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மகள்கள் இருவரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "அம்மா, பாத்துக்கோ" என்று ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். மாம்பழம், நுங்கு, தாமிரபரணிக் குளியல் என்று முதல் நாலு நாள் ஓடிவிடும். ஐந்தாம் நாள் காலையில் ஆரம்பிக்கும்... "ஆச்சி, போர் அடிக்கு!"

பிள்ளைகளை விடுமுறையில் எப்படிச் சமாளிப்பது என்று புலம்பும் தாய்மார்களுக்கு, எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகக் கைகொடுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம். ஃபெல்ட் துணியில் பொம்மை செய்வது!

'ஃபெல்ட்' என்று கடையில் கேட்டால், இடுப்பு பெல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. "பொம்மை செய்யிற துணி, கலர் கலரா தாள் மாதிரி இருக்குமே" என்று விளக்கிச் சொல்லுங்கள். பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும், தையல் சாமான் விற்கும் ஃபேன்சி கடைகளிலும் ஏ4 தாள் அளவில் கிடைக்கும். கெட்டி, மெல்லிசு என்று இரண்டு ரகம் உண்டு. பொம்மைக்கு மெல்லிசுதான் நல்லது. கெட்டித் துணியில் பிள்ளைகளால் ஊசி ஏற்ற முடியாது.

இது தறியில் நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தித் தேய்த்தால், மயிர்கள் ஒன்றோடொன்று சிக்கி, இறுகி, தகடு போல ஆகிவிடும். அதுதான் அசல் ஃபெல்ட். நம் ஊர்க் கடைகளில் இருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் இழையை இயந்திர ஊசிகளால் குத்திக் குத்திச் சேர்த்தது. எதுவானாலும் பாவு நூல், ஊடை நூல் என்று கிடையாது. அதனால் எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம். தைத்ததை உள்வெளியாகப் புரட்டவும் வேண்டாம். சாதாரணத் துணியில் பொம்மை தைத்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புரட்டுகிற இடத்தில்தான் பிள்ளைகள் அழுது, தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

எங்கள் காலத்தில் ஃபெல்ட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பனை ஓலையில் காத்தாடி, பாம்பு, கிலுகிலுப்பை என்று தாத்தா மடித்து மடித்துத் தருவார். நுங்கு தின்ற கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் எங்கள் கார். இப்போதும் பேரப் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி செய்து கொடுக்கிறேன், சாயங்காலம் வரை தெருவில் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓலை முடைய இரண்டு கையிலும் விரல் பலம் வேண்டும். அதனால்தான் நான் ஃபெல்ட்டைத் தேடிப் போனேன்.

என் இளைய மகளின் பெண்ணுக்கு இப்போது 9 வயது. பிறந்ததிலிருந்தே வலது கையில் பலம் குறைவு. விரல்கள் மடங்கியே இருக்கும். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடது கையால்தான். (சோற்றில் இடது கை வைத்ததற்குச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்!) அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிஸியோதெரபிப் பெண் என்னிடம், "பாட்டி, அந்தக் கையை நல்ல கைக்கு உதவியா வெச்சுக்கப் பழக்கணும். ரெண்டு கையும் சேர்ந்து செய்யிற வேலையா, அவளுக்குப் பிடிச்சதா குடுங்க. பந்தை அமுக்கு அமுக்குன்னா எத்தனை நாள் அமுக்குவா?" என்றாள்.

நியாயம்தானே! பந்தை அமுக்கி என்ன வரும்? யானை வந்தால் அமுக்குவாள்.

ஆனால் துணியை ஒரு கை பிடித்தால்தான் மறு கை தைக்க முடியும். பிடிக்கும் கைதான் இவளுக்கு இல்லையே... இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் பரீட்சை அட்டை கிடந்தது. மேலே கிளிப் வைத்த அட்டை. அந்தக் கிளிப்பில் ஃபெல்ட்டைக் கவ்வ வைத்து, தைக்கிற ஓரம் மட்டும் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேஜை விளிம்பில் வைத்தேன். வலது முழங்கையையும் உள்ளங்கையையும் அட்டை மேல் வைத்து நகராமல் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். இடது கை தைத்தது. பத்து நாள் போனபின், கிளிப் வரைக்கும் போகாமல் வலது கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் துணியைச் செருகிக்கொள்ள அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் சொல்லித் தரவில்லை. இதே போன்ற பிள்ளை உள்ள வீடுகளில், முதலில் பயிற்சி தருபவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒரு மாதிரி.

இவளுக்கு நான் சொன்ன ஒரு நிஜக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன். ஜெர்மனியில் கீங்கன் என்று ஓர் ஊர். அங்கே 1847ல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. வலது கையும் சரியாக வராது. அப்படியும் தையல் கற்றுக்கொண்டார். தையல் மெஷினின் சக்கரம் வலது பக்கம் அல்லவா இருக்கும்? மெஷினையே திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றினாராம்! 1877ல் ஃபெல்ட் துணியில் உடைகள் தைத்து விற்கும் கடை வைத்தார். பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்தி வைக்க ஃபெல்ட்டில் குட்டி யானை செய்தார். 1880ல் அது விற்பனைக்கு வந்தது. பெண்கள் குண்டூசி குத்துவதற்குள் பிள்ளைகள் பிடுங்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படித்தான் அவருடைய பொம்மைத் தொழில் வளர்ந்தது. 1902ல் அவருடைய அண்ணன்-தம்பி வழிப் பிள்ளை ரிச்சர்ட், கை கால் அசையும் கரடிப் பொம்மையை வடிவமைத்தார். இன்று 'டெடி' என்கிறோமே, அந்த இனத்தின் மூத்த கரடிகளில் அது ஒன்று.

கதையைக் கேட்டு முடித்ததும் பேத்தி கேட்டது ஒரே கேள்வி... "ஆச்சி, அந்த யானை எப்படிச் செய்யணும்?"

இப்படித்தான்: செய்தித்தாளில் உள்ளங்கை அளவுக்கு யானையைப் பக்கவாட்டில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். தும்பிக்கையும் கால்களும் தடிமனாக இருக்கட்டும். ஒல்லியாக வரைந்தால் பஞ்சு போகாது. இரண்டு உடம்பு, இரண்டு காது, ஒரு வால். தாளை ஃபெல்ட்டின் மேல் வைத்து தையல்காரச் சாக்பீஸால் சுற்றி வரைந்து வெட்டுங்கள். குண்டூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் கையில் குத்தாது. காதையும் கண்ணையும் முதலிலேயே தைத்துவிட வேண்டும். உடம்பை மூடியபின் கண் வைப்பது சிரமம். பிறகு இரண்டு உடம்பையும் சேர்த்து ஓரமாக ஓட்டுத் தையல். எம்பிராய்டரி நூலில் ஆறு பிரி இருக்கும், மூன்றைப் பிரித்து எடுத்தால் போதும். நூல் பிள்ளையின் கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கிக்கொள்ளும். வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டுவிட்டு, பென்சிலின் மொட்டை முனையால் பஞ்சைத் தள்ளுங்கள். முதலில் தும்பிக்கை, அப்புறம் கால், கடைசியில் வயிறு. அடைத்ததும் தைத்து மூடிவிடலாம். இலவம் பஞ்சு வேண்டாம். நனைந்தால் கட்டி தட்டும். தலையணைக் கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சுதான் வசதி.

ஊசி பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு, நாமே கோணி ஊசியால் ஓரமாக ஓட்டைகள் போட்டுக் கொடுத்து, ஷூ கயிற்றைக் கோக்கச் சொல்லலாம். நுனி கெட்டியாக இருப்பதால் அதுவே ஊசி!

பேத்தியின் யானை முடிய 9 நாள் ஆனது. ஒரு நாளைக்கு ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம். ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயும் இருக்கிறது. தையல் எலி கடித்த மாதிரி ஓடுகிறது. அன்று சாயங்காலம்தான் என் மகள் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தாள். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் பார்க்கிறேன், விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தக் காதைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள்!

"என்னடி பண்ற?"

"சரி பண்ணி வெச்சிடுறேம்மா. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவேன்கிறா. எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

"நீ தைச்சா அது உன் யானை. அவளுக்கு எதுக்கு உன் யானை?" என்று வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். என்மேல் கோபம் அவளுக்கு. "உனக்கு என்ன தெரியும், நாளைக்கு அழுதுகிட்டு வரப் போறது என்கிட்டதானே" என்று கண் கலங்கினாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை. தினம் தினம் அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடப்பவள் அவள்தான், நான் ஒரு மாதத்து ஆச்சி. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

ஜூனில் யானை பள்ளிக்கூடம் போனது. ஒரு பையன் "காது கோணல்" என்றானாம். "நான் ஒரு கையில தைச்சேன், நீ ரெண்டு கையில தைச்சுக் காட்டு" என்றாளாம் இவள். இதை எனக்குப் போனில் சொன்னது பேத்தி அல்ல, என் மகள்.

மூத்த மகளின் பையனுக்கு 11 வயது. அவனும் கூடவே உட்கார்ந்து தைத்தான். அதைப் பார்த்த எங்கள் மாப்பிள்ளை, "என்ன அத்தை, ஆம்பளப் புள்ள கையில ஊசியக் குடுத்திருக்கீங்க?" என்றார் சிரித்துக்கொண்டே. "நீங்க போட்டிருக்கிற சட்டையத் தைச்சது யாரு மாப்பிள்ளை? உங்க ஊர் பஜார்ல மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவங்கள்ல எத்தனை பேர் பொம்பளை?" என்றேன். பதில் இல்லை. இப்போது அந்தப் பையன் தன் சட்டைப் பட்டனைத் தானே தைத்துக்கொள்கிறான்.

மிச்ச வெட்டுத் துணிகளை எறியாதீர்கள். விரல் நுழையும் அளவுக்கு வெட்டி, மூன்று பக்கம் தைத்தால் விரல் பொம்மை. கறுப்பில் காக்கா, காவியில் நரி, மஞ்சளில் நடுவே ஓட்டை போட்ட வட்டம்... வடை! நடையில் பாட்டியின் பழைய சேலையைக் கட்டித் திரையாக்கி, தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து நாடகம் போட்டார்கள். எங்கள் நாடகத்தில் காக்கா, வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடியதால் நரி ஏமாந்துபோனது!

சில எச்சரிக்கைகள். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் பொம்மைக்குப் பட்டன் கண், மணிக் கண் வைக்கவே கூடாது. பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கறுப்பு நூலில் முடிச்சுத் தையலாகக் கண் வைத்தால் போதும். சூடாக உருகி வரும் பசைத் துப்பாக்கியைப் பிள்ளைகளிடம் தராதீர்கள், சுட்டுவிடும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஊசி கொடுத்தால் ஐந்தும் டப்பாவுக்குத் திரும்பும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பாலியஸ்டர் ஃபெல்ட்டில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகிவிடும். கம்பளி ஃபெல்ட்டை வெந்நீரில் போட்டால் சுருங்கும். பச்சைத் தண்ணீரில் சோப்பு நுரையைத் தொட்டுத் துடைத்து, நிழலில் காய வைக்க வேண்டும்.

'செய்து விற்கலாமே' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் அபிவிருத்தி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். விற்க நினைக்கும் சகோதரிகள் முதலில் அந்தப் பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருட விடுமுறைக்கு முயல் என்று பேத்தி இப்போதே சொல்லிவிட்டாள். வெள்ளை ஃபெல்ட் வேண்டுமாம். நான் சாம்பல் நிறம்தான் வாங்கி வைத்திருக்கிறேன். மாம்பழம் தின்ற கைகளோடு மே மாதத்தில் வெள்ளைத் துணி தைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்!

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை.