தண்டவாளக் கதைகள் – 9: அலை கொண்டுபோன தனுஷ்கோடிப் பாதை

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதப் பாதை, 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு கப்பல் துறைக்கான பிரதான வழியாயிற்று. சென்னை எழும்பூரில் ஏறிய பயணி கடற்பாலத்தைத் தாண்டி, இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு நுனியில் இறங்கிக் கப்பல் மாறுவார். தலைமன்னார் இறங்குதுறையில் கொழும்பு வண்டி காத்து நிற்கும். இரண்டு புகையிரதமும் ஒரு கப்பலும் சேர்ந்த இந்தப் பயணத்துக்கு ‘போட் மெயில்’ என்று பெயர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலிருந்து புறப்பட்டவருக்கு மட்டும் இது பெரிய சுற்றுவழி. காங்கேசன்துறைப் பாதையில் தெற்கே மதவாச்சி வரை போய், அங்கே வண்டி மாறி, திரும்பவும் வடமேற்கே 106 கிலோமீற்றர் ஓடினால்தான் தலைமன்னார் வரும்.

அந்நாளில் தனுஷ்கோடியே பிரதான பாதையின் முடிவிடம். இராமேஸ்வரத்துக்குப் போனது பாம்பனில் பிரிந்த கிளைப்பாதைதான். தனுஷ்கோடி நிலம் என்பது வெறும் மணல்திட்டு. அதன் வடக்கே பாக்கு நீரிணையின் அமைதியான நீர். தெற்கே மன்னார் வளைகுடாவின் கொந்தளிப்பு. தீவு மக்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் கூப்பிடு தூரமே அகலமுள்ள மணலில் தண்டவாளம் கிடந்தது. வண்டியில் இருந்தபடியே இருபுறமும் கடலைப் பார்க்க முடிந்த அந்த அழகும், பின்னால் வந்த அழிவும், ஒரே நில அமைப்பின் விளைவுதான்.

1964 டிசெம்பர் நடுப்பகுதியில் அந்தமான் கடலில் உருவான புயல் மேற்கே நகர்ந்து, 22ஆம் திகதி வவுனியாப் பக்கமாக இலங்கையைக் குறுக்கறுத்துப் பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. அன்றிரவு பாம்பனிலிருந்து 653ஆம் இலக்கப் பயணிகள் வண்டி வழக்கம்போல் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. ஆறு பெட்டிகள், பதிவின்படி 110 பயணிகளும் 5 ஊழியர்களும். தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை. இருட்டில் சிறிது நேரம் காத்து நின்ற சாரதி, விசிலை ஊதிவிட்டு வண்டியை மெல்ல முன்னே செலுத்தினார். சற்று நேரத்தில் எழுந்த பேரலை பெட்டிகளை அப்படியே அடித்துச் சாய்த்தது. ஒருவரும் தப்பவில்லை. சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இறந்தோர் தொகை இன்னும் கூடும் என்பது பலரின் கணிப்பு. நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தேவாலயம், குடியிருப்புகள் எல்லாம் அந்த இரவிலேயே போயின.

அதே புயல் பாம்பன் பாலத்தையும் விடவில்லை. நடுவிலிருந்த தூக்குப்பாலம் தப்பியது. ஆனால் தூண்களின் மேல் கிடந்த இரும்புக் கர்டர்களில் பெரும்பகுதியை அலை கடலுக்குள் இழுத்துப் போட்டது. திருத்த ஆறு மாதம் வேண்டும் என்றது இரயில்வே. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்துப் பழைய தூண்களிலேயே ஏற்றி, 46 நாளில் வேலையை முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயையும் தில்லி மெற்றோவையும் கட்டியவர் அவர்தான்.

பாலம் 46 நாளில் எழுந்தது. தனுஷ்கோடிப் பாதையோ எழவேயில்லை. இதற்குப் பொறியியல் காரணம் மட்டும் போதாது. பாலம் இல்லாவிட்டால் இராமேஸ்வரம் துண்டாகிவிடும். கோயிலுக்கு வருவோர் நின்றுவிடுவார்கள். தனுஷ்கோடிக்கு அப்படி யாரும் மிஞ்சவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை மாநில அரசு அறிவித்த பின், அங்கே வண்டி விட ஒரே காரணம் கப்பல்தான். அந்தக் கப்பலையும் இராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அதன்படி மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தனுஷ்கோடியை அவர்கள் பார்க்கவே தேவைப்படவில்லை.

யப்பானின் தடாமிப் பாதை இதற்கு நேர்மாறு. புக்குஷிமா மாகாணத்தின் மலைகளுக்குள் ஆற்றோரமாக ஓடும் இந்தப் பாதையின் பாலங்கள் 2011 யூலை பெருமழையில் அடித்துச் செல்லப்பட்டன, 27.6 கிலோமீற்றர் மூடப்பட்டது. வெள்ளத்துக்கு முன்பே அந்தப் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர்தான் பயணித்தார்கள். புகையிரதக் கம்பனி பஸ் விட விரும்பியது. தண்டவாளத்தையும் பாலங்களையும் தானே பொறுப்பேற்பதாக மாகாணம் முன்வந்த பிறகே, 2022 ஒக்டோபர் 1இல் வண்டி மீண்டும் ஓடியது. பதினொரு ஆண்டு தாமதத்துக்கு வெள்ளத்தைவிடக் கணக்குப் புத்தகமே பெரிய காரணம்.

தனுஷ்கோடிக்கு அப்படிப் பொறுப்பேற்க ஒருவரும் வரவில்லை. இராமேஸ்வரத்திலிருந்து 17 கிலோமீற்றர் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டும், சூழல் பாதிப்பைக் காட்டித் தமிழக அரசு மறுக்க, அந்தத் திட்டம் நின்றது. மணல்திட்டின் இயல்பைப் பார்க்கும்போது இதைத் தவறான முடிவென்று சொல்ல முடியாது. சுற்றுலாப் பயணிகள் 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் வீதியிலேயே போகிறார்கள்.

இலங்கைப் பக்கக் கதையில் போர் குறுக்கிட்டது. கப்பல் 1980களின் நடுப்பகுதியில் நின்றது. தலைமன்னார்ப் பாதையும் யாழ்ப்பாணப் பாதையும் 1990இல் நின்றன. தெல்லிப்பழையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போன இடம் தெரியாமல் போயின. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்ட புதிய பாதையில் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2இலும், தலைமன்னார் இறங்குதுறைக்கு அதே ஆண்டு மார்ச் 14இலும் வண்டி வந்தது. தலைமன்னாருக்கு வண்டி வந்தும் கப்பல் வரவில்லை. இந்தியாவிலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் மறுபடி வந்தபோது, நாகபட்டினத்திலிருந்து புறப்பட்டு அது அடைந்த துறை காங்கேசன்துறை; தெல்லிப்பழைக்கு வடக்கே இரண்டாவது நிலையம்.

(தொடரும்)