ஹெரால்டின் முன்சக்கரத்துக்கு எண்ணெய்தான் வேண்டும்

ஹனூரிலிருந்து கௌதள்ளி, தாளபெட்டா வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் சாலையில் பழைய கார் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் அதன் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். தாளபெட்டாவைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சோதனை எஞ்சினுக்கு. சூடாகிவிட்டால் ஓரங்கட்டி, ஆறவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பலாம். மலையைக் கடந்து பாலாறு, மேட்டூர் பக்கம் இறங்கும்போதுதான் முன் சஸ்பென்ஷனின் முறை வருகிறது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை வளைத்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்ந்து, வளைவின் வெளிப்புறத்து முன்சக்கரத்தின் மேல் குவியும். அந்தச் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு இரும்புக் கைகள், ஒரு ஸ்பிரிங், சில ரப்பர் புஷ்கள், ஒரு மரை. எஞ்சின் நின்றால் பயணம் தாமதமாகும், அவ்வளவுதான். இவற்றில் ஒன்று விட்டுப்போனால் கதையே வேறு.

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். டிங்கரிங், பெயிண்டிங், குரோமியப் பூச்சு, சீட் உறை எல்லாம் முடிந்து பணமும் தீர்ந்த பிறகு, 'முன்னாடி கொஞ்சம் தட்டுற சத்தம் கேக்குது' என்று பட்டறைக்கு வருகிறார்கள். நியாயமாக அது தலைகீழாக நடக்க வேண்டும்.

சரி, இந்த வேலையை எந்த வண்டியில் கற்பது? அமெரிக்காவில் 1960களில் பெருகிய மசில் கார்கள் நம்மூரில் தயாரானதே இல்லை. நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைத் திணித்த அந்த வண்டிகளின் தோரணை மட்டும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெஸாவுக்கு வாய்த்தது. அதனால்தான் இன்றைய இளைஞர்கள் அதை 'இந்திய மசில் கார்' என்று கொண்டாடுகிறார்கள். முன் சஸ்பென்ஷன் என்ற வேலையை அக்குவேறு ஆணிவேறாகக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான வண்டி ஒன்று, சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரானது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். உடம்பை வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலொட்டி. 1961இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. 948 சிசி எஞ்சின், சுமார் 800 கிலோ எடை. மூலத்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இந்தியாவுக்கென்றே பிறகு வந்தது. எழுபதுகளில் அதன் இடத்தைப் பிடித்தது கெஸல் என்ற மாடல். மசில் என்று சொல்லிக்கொள்ள ஹெரால்டில் எதுவும் கிடையாது. ஆனால் அதன் முன் சஸ்பென்ஷனின் வழித்தோன்றல்களை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் ஜிடி6இலும் பார்க்கலாம். பந்தயக் கார்களுக்குப் பெயர்போன காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம்கூட, 1962இல் வந்த எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரையம்ஃபின் இந்த அமைப்பிலிருந்துதான் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டை எடுத்துக்கொண்டது. வண்டலூர் குடும்பக் காரின் முன்சக்கரத்துக்கு இப்படி ஓர் உறவு வட்டம் உண்டு.

மெக்கானிக்குகளுக்கு ஹெரால்டு பிடிக்கக் காரணம் அதன் பானெட். முன் மட்கார்டுகள் இரண்டும் பானெட்டோடு ஒரே துண்டு. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து முன்னோக்கிச் சாய்த்தால் எஞ்சின், ஸ்டியரிங் ராக், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். எத்தனை கார்களில் உண்டு இந்த வசதி?

அந்தத் திறந்த வெளியில் முதலில் கண்ணில் படுவது சேஸிஸிலிருந்து நீளும் இரண்டு கைகள். மேல் கை குட்டை, கீழ்க் கை நீளம். இந்த நீள வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. வளைவில் வண்டி சாயும்போது இரண்டு கைகளும் வெவ்வேறு வட்டத்தில் ஆடுவதால், வண்டி சாய்ந்த அளவுக்குச் சக்கரம் சாய்வதில்லை. டயர் சாலையோடு ஒட்டியே நிற்கப் பார்க்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவே காயில் ஸ்பிரிங், அதற்குள்ளேயே ஷாக் அப்சார்பர். அம்பாசிடரில் இந்த இடத்தில் சுருள் இருக்காது. முறுக்கினால் திரும்பி நிமிரும் நீண்ட இரும்புக் கம்பி, அதாவது டார்ஷன் பார், ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும். பத்மினியிலும் கான்டெஸாவிலும் ஹெரால்டைப் போலவே இரட்டைக் கையும் காயில் ஸ்பிரிங்கும்தான்.

கைகளின் வெளிநுனிகளை இணைப்பது ஒரு செங்குத்துத் தண்டு. சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்ஸில் இதில்தான் செருகியிருக்கும். தண்டின் மேல்நுனி பால் ஜாயின்டில் முடிகிறது. கீழ்நுனியில்தான் விசேஷம். அங்கே பால் ஜாயின்ட் கிடையாது. தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டி, அதை வெண்கலத்தில் செய்த ட்ரன்னியன் என்ற கட்டைக்குள் திருகியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு இந்த மரைக்குள் கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் ஏறும். ஒரு பக்கத்து மரை வலம், மறுபக்கத்து மரை இடம். இரண்டையும் மாற்றிப் போட முடியாது. பார்க்க அசட்டு எளிமை. ஆனால் வண்டியின் முன்பக்க எடையும், பிரேக் பிடிக்கும் விசையும், குழியில் விழும் அடியும் இந்த மரை வழியாகத்தான் போய்வருகின்றன.

இந்த மரைக்கு எண்ணெய் விட வேண்டும் என்பதுதான் தயாரிப்பாளர் கையேட்டின் கட்டளை. கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஊற்றும் 90 எண் கெட்டி எண்ணெய். ட்ரன்னியனில் இருக்கும் சிறு பிளக்கைக் கழற்றி, அங்கே நிப்பிள் ஒன்றை மாட்டி, எண்ணெய் நிரப்பிய கன்னால் அழுத்த வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்கியது. நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பது நம் பட்டறைகளின் அனிச்சைச் செயல். அம்பாசிடருக்கு அடித்த கை, லாரிக்கு அடித்த கை, ஹெரால்டுக்கு மட்டும் எப்படி மாறும்? இங்கிலாந்துப் பட்டறைகளும் இதையேதான் செய்தன.

கிரீஸ் என்ன செய்துவிடும்? நாளாக ஆக இறுகிவிடும். மரையின் பள்ளங்களுக்குள் சுற்றி இறங்காமல் வாய்ப்பகுதியிலேயே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு யாராவது எண்ணெயே விட்டாலும் உள்ளே போக வழியில்லை. மழைத் தண்ணீர் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். வெண்கலம் தேய்கிறது, இரும்புத் தண்டு துருவேறி அரிக்கிறது. துரு அரித்த பள்ளம் ஒவ்வொன்றும் விரிசல் பிறக்கும் இடம். கடைசியில் ட்ரன்னியனுக்குச் சற்று மேலே, மரை தொடங்கும் இடத்தில், தண்டு இரண்டாக முறிகிறது. சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து, வண்டி மூக்கு தரையில் உரச உட்காரும். பெரும்பாலும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும் நேரத்தில்தான் இது நடக்கிறது. வீட்டு வாசலில் நடந்தால் அதிர்ஷ்டம். கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கை அப்படித்தான் ஒடிக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனைப் பிரித்துக் கட்டுவது என்றால் முக்கால் வேலை இந்தத் தண்டும் ட்ரன்னியனும்தான். வண்டியைத் தூக்கி சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டு. மேலே மூன்று நட், கீழே ஒரு போல்ட். அவற்றைக் கழற்றினால் கூட்டு முழுசாக வெளியே வந்துவிடும். ஆனால் கூட்டின் நடுவில் இருக்கும் நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரெஸர் மாட்டிச் சுருளை அழுத்தாமல் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் கையோ முகமோ போய்விடும். இந்த வேலையில் மிக ஆபத்தான கட்டம் இது.

கீழ்க் கையைச் சேஸிஸிலிருந்து பிரிக்கும்போது, அதன் தாங்கிகளுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். இவை ஷிம்கள். எந்தத் தாங்கியில் எத்தனை ஷிம் என்று அப்போதே சாக்பீஸால் எழுதி வைப்பவரே நல்ல மெக்கானிக். சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பது அந்தத் தகடுகளின் எண்ணிக்கைதான்.

தண்டை ட்ரன்னியனிலிருந்து திருகி எடுத்ததும் மண்ணெண்ணெயில் கழுவி மரையைப் பார்க்க வேண்டும். நன்றாகப் பராமரித்த தண்டின் மரை கறுத்து, எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். கிரீஸ் தின்ற தண்டின் மேல் மரைகளில் செம்பழுப்பு வளையம் தெரியும். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தட்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நம் பட்டறைகளில் பழைய வழி ஒன்று உண்டு. தண்டை மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, வெளியே எடுத்து ஈரமில்லாமல் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசிக் காத்திருக்க வேண்டும். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து வெளியே வரும்; வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஈரக்கோடு விழும். கோடு விழுந்த தண்டு பழைய இரும்புக் கடைக்குத்தான். வெல்டிங் வைத்துத் தரும் பட்டறையும் இருக்கலாம். அந்த வாசலை மிதிக்காமல் இருப்பது நல்லது. இப்போது சாயம் தெளித்துப் பார்க்கும் சோதனையும் எளிதாகக் கிடைக்கிறது.

புது ட்ரன்னியனைப் பொருத்தும்போது கடைசிவரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்கு மிகாமல் தளர்த்தி, சரியான நிலையில் நிறுத்த வேண்டும். இறுக்கமாகவே விட்டால் ஸ்டியரிங் முழுதாகத் திரும்பாது. பலவந்தமாகத் திருப்பினால் தண்டின் மேல் தேவையில்லாத முறுக்கு ஏறும். ட்ரன்னியனையும் கீழ்க் கையையும் சேர்க்கும் இடத்தில் நைலான் புஷ்களும் தூசி மறைப்புகளும் புதிதாகவே போட வேண்டும். அந்த ரப்பர் மறைப்பு சின்னஞ்சிறியது, விலையும் அற்பம். தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

அடுத்து ரப்பர் புஷ்கள். அனுபவமுள்ளவர்களும் சறுக்கும் இடம் இது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கைகளின் போல்ட்டுகளை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் கைகள் மேலே எழும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கிலேயே ஓடிச் சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே கடைசி இறுக்கு. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடுவது இப்போது மோகமாக இருக்கிறது. பந்தயத்துக்கு அது சரி. மலைச்சாலையும் வேகத்தடையும் குண்டும் குழியுமாக வாழும் வண்டிக்கு ரப்பரே உசிதம்.

எல்லாம் மாட்டியதும் வீல் அலைன்மென்ட். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாயும் கோணம். டோ-இன் என்பது முன்சக்கரங்கள் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கி ஓரிரு மில்லிமீட்டர் நெருங்கி நிற்பது. காஸ்டர் கொஞ்சம் குழப்பும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராகப் போக உதவுகிறது. காரிலும் திருப்பு அச்சு அப்படித்தான் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்.

இந்தக் கோணங்கள் வண்டியின் குணத்தையே மாற்றும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 1964இல் வந்த ஃபோர்டு மஸ்டாங், மிகச் சாதாரணமான ஃபால்கன் காரின் அடிப்படையில் உருவானது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் அதன் முன் சஸ்பென்ஷனைக் கணக்கிட்டு, மேல் கையின் உட்பக்க முனையை ஒரு அங்குலம் கீழே இறக்கச் சொன்னார். மஸ்டாங்கை வைத்தே உருவான 1965இன் ஷெல்பி ஜிடி350இல் அதைச் செய்தார்கள். செலவு, புதிதாகத் துளைத்த சில ஓட்டைகள். வளைவில் வெளிச்சக்கரம் சாலையைப் பிடிக்கும் விதமே மாறிப்போனது. அந்தக் காலத்து மஸ்டாங் வைத்திருப்பவர்கள் பலர் இன்றும் இந்த மாற்றத்தைச் செய்துகொள்கிறார்கள்.

ஹனூர் பக்கம் இருக்கிறவருக்குப் பழைய உதிரிபாகம் தேட பெங்களூரு ஜே.சி. ரோடு கிட்டம். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் அலைந்தால் சில பாகங்கள் தட்டுப்படும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ரசிகர்கள் அதிகம் என்பதால் ட்ரன்னியனும் புஷ்ஷும் அங்கே இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் மாறியிருப்பதால் பழையதை அளக்காமல் ஆர்டர் போட வேண்டாம். செங்குத்துத் தண்டை மட்டும் உள்ளூர் லேத்தில் வெட்டிக்கொள்ளும் ஆசையை விட்டுவிடுங்கள். அது அடித்து உருவாக்கிய எஃகு; கண்ட இரும்பில் மரை வெட்டினால் தாங்காது.

பழைய ஹெரால்டு ஒன்றை விலை பேசப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பு உரிமையாளரிடம் ஒன்று கேளுங்கள்: ட்ரன்னியனுக்கு இத்தனை வருடம் என்ன அடித்தீர்கள்? 'கிரீஸ்தான்' என்று பெருமையாகச் சொன்னால், இரண்டு தண்டுக்கும் இரண்டு ட்ரன்னியனுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றும் வரை மலைப்பாதைப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள்.