உழைச்செல்வார்: மலையூர்களின் நலப்பணிப் பெண்கள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவுறுகிறது. நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. 'உழை' என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே நின்று, உரிய மருந்தை உரிய பொழுதில் உரிய அளவில் கொடுத்துப் பேணுபவர் எவரோ அவரே உழைச்செல்வார். வகுப்பறையில் இக்குறளை நடத்தும்போது பேச்சு பெரும்பாலும் மருத்துவனைப் பற்றியதாகவே நின்றுவிடும். நான்காம் கூற்றினை 'செவிலியர்' என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் செல்வதே வழக்கம். ஆனால் மருத்துவரும் மருந்தும் எட்டாத ஊர்களில் இந்நான்காமவரே முதலாமவர் ஆகின்றார். அத்தகைய ஊர்களில் நலப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அது எதனால் நிலைக்கிறது, எதனால் நலிகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மகேந்திர பல்லவன் குடைவித்த குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற தளவானூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் செஞ்சிக் கோட்டையின் வட்டாரத்தைச் சேர்ந்தவை. இங்குள்ளோர்க்கு நோய் வந்தால் செஞ்சியில் அரசு மருத்துவமனை உண்டு; நோய் பெரிதாயின் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு; 2008 முதல் 108 ஊர்தியும் உண்டு. குறைகள் பல இருப்பினும் சாலையும் பேருந்தும் உள்ள சமவெளி இது. இங்கிருந்து மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து அரூர்ப் பக்கம் சென்றால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. தொலைவால் நமக்கு அண்டை நாடுதான். மருத்துவத்தால் அது ஒரு காலத்தில் வேறோர் உலகமாய் இருந்தது.

சிட்லிங்கியின் தொல்குடியினர் தம்மை மலையாளிகள் என்று வழங்குவர். மலையை ஆள்வோர் என்பது பொருள்; கேரளத்தாரோடு இப்பெயர்க்குத் தொடர்பில்லை. எனினும் அவர்களுக்கு மருத்துவம் செய்ய வந்து தங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவ இணையர் கேரளத்தில் மருத்துவம் பயின்றோர் என்பது பெயரின் விளையாட்டு! காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய பின் இவர்கள் 1990களின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்கிற்கு வந்தனர். அப்பொழுது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. ஏழு குழந்தைகளுக்கு ஒன்று என்று இதனைக் கொள்ளலாம். அருகிலிருந்த மருத்துவமனை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், அறுவை மருத்துவம் வேண்டுமாயின் 100 கி.மீ.க்கும் மேல் செல்ல வேண்டும். பேறுகால வேதனையில் உள்ள ஒரு பெண்ணுக்கு இத்தொலைவு என்ன பொருள் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1993ஆம் ஆண்டளவில் மண்சுவரும் கூரையுமாக எழுந்த ஒரு குடிசையே அவர்களின் முதல் மருத்துவமனை. 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் அமைப்பு அவ்வாறு தொடங்கிற்று. இரண்டு மருத்துவர்களால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் காக்க இயலாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். வெளியூரிலிருந்து செவிலியரை அழைத்து வந்தால் எத்தனை நாள் தங்குவர்? ஆகவே அம்மலைக்குடிப் பெண்களையே பயிற்றுவித்தனர். உயர்படிப்பு இல்லாத இளம்பெண்கள் பேறு பார்த்தல், காயம் கழுவிக் கட்டுதல், ஊசி போடுதல், அறுவை அறையில் உதவுதல் முதலியவற்றைப் படிப்படியாகக் கற்றனர். இவர்களன்றி, சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற, பெரும்பாலும் வயதில் மூத்த பெண்கள் தத்தம் ஊரில் கருவுற்றோரையும் கைக்குழந்தைகளையும் கண்காணிக்கும் பணியை மேற்கொண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல 147 என்னும் அவ்வெண் 20 என்ற அளவிற்கு இறங்கிற்று. மருத்துவர்கள் இல்லாமல் இது நிகழ்ந்திராது. ஆயினும் மருத்துவர்களால் மட்டும் நிகழ்ந்ததன்று.

அப்பெண்கள் அறிந்தவை எவை என்று நோக்கினால் வியப்பு மேலிடும். அவர்தம் அறிவு அகன்றதன்று, ஆனால் திட்பமானது. வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கழிச்சலன்று, உடலின் நீர் வற்றுவதே. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். 1971இல் வங்கதேசப் போரின்போது போன்காவ் ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் மருந்து தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர்களையே குவளையால் எடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்கிற்கும் கீழாகக் குறைந்தது. அந்த முகாமில் உழைச்சென்றவர் தாயும் தமக்கையுமே.

மூச்சை எண்ணுவது இரண்டாவது. இருமலோடு வரும் குழந்தைக்கு நுரையீரல் அழற்சி உண்டா என்பதை அறியக் கருவி வேண்டுவதில்லை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது பேராபத்து. ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40 என்பன எல்லைகள். மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர், பெரிய எண்கள் வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சியரும் இதனைச் செய்யுமாறு ஓர் எளிய சட்டத்தை அமைத்துக் கொடுத்தனர். ஒரு நிமிட மணற்கடிகை ஒன்றும் அதனோடு கோத்த மணிகளும் அவ்வளவே. பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் வடிவதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டால் மருந்து தொடங்க வேண்டும். அவ்வூர்ப் பெண்கள் பச்சிளங் குழந்தைகளை வீடுதேடிச் சென்று பேணியதன் பயனாக, பிறந்த ஒரு மாதத்திற்குள் நேரும் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. 2011 முதல் இந்தியா முழுவதற்குமான திட்டமாகவும் ஆயிற்று.

இரு மொழிக்கு நடுவே

தமிழ் பயிற்றுவோர் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது நலப்பணிப் பெண்ணின் மொழி. மருத்துவ நூலுக்கு ஒரு மொழி. பாட்டியின் திண்ணைக்கு ஒரு மொழி. 'குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது' என்று பாட்டி சொல்கிறாள். மருத்துவ நூல் அதனையே நீரிழப்பின் அடையாளம் என்கிறது. இருவரும் கண்டது ஒன்றே. வைத்த பெயர்தான் வேறு. பாட்டி பற்றுப் போடச் சொல்வாள், மருத்துவர் கரைசல் கொடுக்கச் சொல்வார். வெளியூர் மருத்துவர் பாட்டியை நகைத்தால் அடுத்த முறை அக்குழந்தை மருத்துவமனைக்கு வராது. அவ்வூரிலேயே பிறந்த பெண்ணோ பற்றைத் தடுப்பதில்லை. பற்றும் இருக்கட்டும், இந்த நீரையும் புகட்டு என்பாள். மாந்தம், உரம் விழுதல், மணல்வாரி என்னும் சொற்களுள் எது பொறுக்கத்தக்கது, எதன் பின்னே ஆபத்து மறைந்திருக்கிறது என்று பிரித்தறியும் திறம் அவளுக்கே வாய்த்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகியிருப்பதை அவள் பிடுங்கி எறிய மாட்டாள். குழந்தையின் மூச்சை மட்டும் எண்ணிப் பார்ப்பாள்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் நிகழ்ந்ததும் இங்கே எண்ணத்தக்கது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடிகள் வாழும் அப்பகுதியில் 1987இல் நலப்பணி தொடங்கிற்று. முதலில் எழுந்தது மருத்துவமனையன்று. சிற்றூர்தோறும் பழங்குடி நலப்பணியாளர்களே முதலில் உருவாயினர். அவர்கள் நோயைக் கண்டறிந்து அனுப்பத் தொடங்கியபின், அனுப்புவதற்குத் தம்மை மதிக்கும் ஓரிடம் வேண்டும் என்ற நிலை எழுந்தது. 1990இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அதன்பின் தோன்றியதே. அதன் செவிலியருள் பெரும்பாலோர் ஆதிவாசிப் பெண்கள். நாம் பொதுவாகக் கட்டடத்தை எழுப்பிவிட்டு மக்கள் வரவில்லையே என்று குறைபடுகிறோம். கூடலூரின் வரிசை அதற்கு மாறானது.

பனிநாட்டு ஊர்களில்

இம்முறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பல தொல்குடி ஊர்களுக்குச் சாலையே இல்லை. சிறு விமானமோ படகோ பனிவண்டியோதான் செல்லும். 1950களில் அங்கே காசநோய் கொடுமையாகப் பரவியிருந்தது. மாதக்கணக்கில் தவறாது மருந்து உட்கொள்ளச் செய்வதற்கு ஊருக்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வூரார் சிலரே அப்பணியை ஏற்றனர். அதிலிருந்து வளர்ந்த சமுதாய நல உதவியாளர் முறை 1968இல் அரசின் ஏற்பையும் நிதியையும் பெற்றது. இன்று 170க்கும் மேற்பட்ட ஊர்களில் அவர்கள் பணியாற்றுகின்றனர். சில வாரங்கள் கொண்ட பயிற்சியை நான்கு கட்டமாக முடிக்கின்றனர். நோயின் பெயரைக் கொண்டல்லாமல் நோயாளி சொல்லும் குறையைக் கொண்டு படிப்படியாக வினவிச் செல்லும் கையேடு ஒன்று அவர்கள் கையில் உண்டு. முற்காலத்தில் வானொலி வழியாகவும் இக்காலத்தில் தொலைபேசி, கணினி வழியாகவும் தொலைவிலுள்ள மருத்துவரிடம் நாள்தோறும் கலந்து பேசுகின்றனர்.

இப்பணியின் சுமையையும் அலாஸ்கா நமக்குக் காட்டுகிறது. நூறு இருநூறு பேர் வாழும் ஊரில் நலப்பணியாளர்க்கு அயலார் என்று எவரும் இலர். பனியில் விபத்துற்று வருபவன் அவளுடைய தம்பியாக இருக்கலாம். உயிர் பிரிந்தவர் அவளை வளர்த்த அத்தையாக இருக்கலாம். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் விடுமுறை என்று சொல்ல இயலாது. காப்பாற்ற முடியாமற்போன குழந்தையின் தாயை மறுநாள் காலையிலும் அதே தெருவில் எதிர்கொள்ள வேண்டும். ஊரைச் சேர்ந்தவள் என்பதே அவளது வலிமை. அவளை அரிப்பதும் அதுவே. நகரத்து மருத்துவர் பணி முடிந்து வீடு திரும்புகிறார். இவளுக்கு வீடும் பணியிடமும் ஒரே ஊர்.

நம் நாட்டில் இதனை ஒரு பெருந்திட்டமாக்கும் முயற்சி 2 அக்டோபர் 1977இல் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, திங்களுக்கு 50 ரூபாய் மதிப்பூதியம் என்பது ஏற்பாடு. தமிழ்நாடு அதில் சேராமல், மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி வகுத்த சிறு நலமையங்களின் வழியை மேற்கொண்டது. வடமாநிலங்களில் அத்திட்டம் நாளடைவில் நலிந்தது. ஊரில் செல்வாக்குடையோரின் உறவினரான ஆடவர் பலர் தேர்வாயினர் என்பதும், பயிற்சிக்குப் பின் அவர்களைத் தொடர்ந்து வழிநடத்துவார் இல்லை என்பதும் காரணங்கள். மராட்டியத்து ஜாம்கேட்டில் 1970 முதல் ரஜனிகாந்த் அரோலே, மாபெல் அரோலே இணையர் எழுத்தறியாத பெண்களைக் கொண்டே சாதித்ததையும் இதனையும் ஒப்புநோக்க வேண்டும். ஜாம்கேட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அடிக்கடி கூடிக் கற்றுக்கொண்டே இருந்தனர். பயிற்சி என்பது ஒருமுறை கொடுத்து முடிக்கும் சான்றிதழ் அன்று.

2005இல் வந்த 'ஆஷா' திட்டம் ஆயிரம் பேருக்கு ஒரு பெண் என வகுத்தது. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் முன்னரே இருந்தமையால் ஆஷா பணியாளர் பெரிதும் மலைப்பகுதிகளிலேயே அமர்த்தப்பட்டனர். 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் இப்பெண்களுக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது. விருது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்கள் இன்றும் 'தன்னார்வலர்' என்றே குறிக்கப்படுகின்றனர்; செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை, நிலையான ஊதியமன்று. தொண்டு என்ற உயர்ந்த சொல்லைக் கொண்டு ஏழைப் பெண்ணின் உழைப்பை மலிவாக்குவது எனக்கு உடன்பாடன்று. மருத்துவர் ஊதியம் பெறுவதால் அவரது தொண்டு குறைந்துவிடுவதில்லையே!

மீண்டும் நம் வட்டாரத்திற்கு வருவோம். 5 ஆகஸ்ட் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு வருகிறது. நம் முதியோர் பலர் இதனால் பயனடைகின்றனர். ஆனால் செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் ஏரிக்கரைகளிலும் ஊர்ப்புறங்களிலும் வாழும் இருளர் குடும்பங்களுக்கு நிலையான வாயிலே அரிது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆண்டின் பாதியை வெளியூரில் கழிப்போர் அவர்களுள் பலர். துணை சுகாதார நிலையம் ஒன்றிற்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்பது அரசின் அளவுகோல். இருளர் சமவெளியில் வாழும் பழங்குடியினர். ஆகவே மலைக்குரிய சலுகை அவர்களைச் சேர்வதில்லை. சூளைக்குச் சென்ற குடும்பத்தின் கைக்குழந்தை எந்த ஊர்ப் பதிவேட்டில் வரும்? குடும்பம் எந்தச் சூளையில் இருக்கிறது, எந்தத் திங்களில் திரும்பும், மூத்த குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி விடுபட்டது, நிறைசூலியான மருமகள் உடன் சென்றாளா என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை. அந்தக் குடியிருப்பிலேயே பிறந்து அங்கேயே வாழும் ஒரு பெண்ணுக்கு அவை அனைத்தும் மனப்பாடமாகத் தெரியும். அவளை இன்னும் எவரும் பயிற்சிக்கு அழைக்கவில்லை.