'எல்லாம் மனக்கவலைதான்'னு விட்டுடாதீங்க... பெண்களைத் துரத்தும் ஆட்டோஇம்யூன் நோய்கள்!

விடிஞ்சு எழுந்தா கைவிரல்களை மடக்க முடியல. வாசல் தெளிக்க வாளியைத் தூக்க முடியல. ஒரு மணி நேரம் போனாத்தான் கை பழைய நிலைக்கு வருது. காஞ்சிபுரம் மாவட்டம் புள்ளலூர் மாதிரியான கிராமத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் என்ன பதில் வரும்? 'நாத்து நட்ட வலி', இல்லைன்னா 'வீட்டுப் பிரச்னையையே நினைச்சுக்கிட்டு இருக்க, அதான்!'

இரண்டாவது பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா, அதையே காரணமா வெச்சு சிகிச்சையைத் தள்ளிப்போடுறதுதான் ஆபத்து.

உடம்பே உடம்பைத் தாக்கினால்..?

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவதுதான் ஆட்டோஇம்யூன் நோய். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கினால் லூபஸ். தைராய்டு சுரப்பியையும் இது விட்டுவைப்பதில்லை.

இந்த நோய்கள் வருபவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் பெண்கள். லூபஸில் பத்துக்கு ஒன்பது பேர்! ஹார்மோன்களும், பெண்களுக்கு இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் இதற்குக் காரணம் என்கின்றன ஆய்வுகள்.

மனசுக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பயமோ பதற்றமோ வந்தால் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கும் பிரேக் அது. ஆனா குடித்துவிட்டு அடிக்கும் கணவர், கழுத்தை நெரிக்கும் கடன், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என மன அழுத்தம் வருஷக்கணக்கில் நீடித்தால், செல்கள் கார்ட்டிசாலின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கமும் கெட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஸ்வீடனில் மன அழுத்தக் கோளாறு உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் 9 பேருக்கு ஆட்டோஇம்யூன் நோய் வந்தது. அந்தக் கோளாறு இல்லாதவர்களில் 6 பேருக்கு வந்தது. அமெரிக்காவில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை 24 ஆண்டுகள் கவனித்த இன்னொரு ஆய்வில், கொடுமையான அனுபவத்தின் பாதிப்பிலிருந்து மீளாத பெண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காக இருந்தது.

இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் பாருங்க. மன அழுத்தம் இருந்தும் 1,000 பேரில் 991 பேருக்கு அந்த ஆண்டு நோய் வரலை. மன அழுத்தம் இல்லாதவர்களுக்கும் நோய் வந்திருக்கு. அதாவது மன அழுத்தம் ஆபத்தைக் கூட்டும். ஏற்கெனவே நோய் இருந்தால் அதைக் கிளறிவிடும். அது மட்டுமே காரணம் இல்லை. அதனால, 'கவலைப்பட்டு நீயாவே இழுத்துக்கிட்ட'ன்னு யாரையும் குற்றம் சொல்லாதீங்க.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

* காலையில் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால்
* விரல் மூட்டுகளில் வலியும் வீக்கமும் வாரக்கணக்கில் தொடர்ந்தால்
* கன்னங்களில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு, தீராத அசதி சேர்ந்து வந்தால்

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. தேவைப்பட்டால் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவாங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே ருமட்டாலஜி துறை இருக்கு. முடக்குவாதத்தை முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்தால், விரல்கள் கோணாமல் காப்பாற்ற முடியும்.

மருந்துக் கடையில் நீங்களே கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீங்க. டாக்டர் கொடுத்த மருந்தை, வலி குறைஞ்சதும் நிறுத்திடாதீங்க.

கூடவே மனசையும் பாருங்க. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 181. ஆனா, மாத்திரைக்குப் பதில் ஆலோசனை இல்லை, இரண்டும் வேணும்.

அடுத்த முறை உங்க வீட்டுப் பெண் 'கை மடக்க முடியல'ன்னு சொன்னா, 'கவலைப்படாதே'ன்னு சொல்லி நிறுத்திக்காதீங்க. 'வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்'னு கூட்டிட்டுப் போங்க!