நாலாவது ஆளை யாரும் கேட்பதில்லை

பெங்களூரிலும் புனேயிலும் இரவு ஷிப்டில் கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நம்மவர்கள் அநேகர். விடிந்தால் சம்பளப் பட்டியல் போக வேண்டும். நடுராத்திரியில் மெஷின், ‘அந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்று கையை விரிக்கும். கேபிளை ஆட்டிப் பார்ப்பார்கள். மெஷினையே நிறுத்திக் கிளப்புவார்கள். கோளாறு பல சமயம் ஒரு சின்ன பைலில் இருக்கும்.

லினக்ஸில் அந்தப் பைலுக்கு ‘ரிசால்வ் டாட் கான்ப்’ என்று பெயர். பெயரைக் கொடுத்தால் எண் விலாசம் சொல்லும் டி.என்.எஸ். சர்வர்களை அதில் வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். ரூட்டர் தானாகக் கொடுத்தது இரண்டு, நாம் சேர்த்தது இரண்டு என்று நாலாகிவிட்டால், ‘நெட்வொர்க் மேனேஜர்’ என்ற புரோகிராம் அதே பைலில் ஓர் எச்சரிக்கை எழுதி வைக்கும்: மூன்றுக்கு மேற்பட்டவை ஏற்கப்படாமல் போகலாம் என்று. ‘போகலாம்’ என்பது மரியாதைக்கு. வழக்கமான லினக்ஸ் மெஷின்களில் நாலாவது வரியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

சரி, மூவரில் ஒருவருக்காவது தெரியாதா என்கிறீர்களா? தாராவியில் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் போகிறீர்கள். முதல் வீட்டில் ‘அப்படி யாரும் இல்லை’ என்றால் அடுத்த வீட்டில் விசாரிப்பீர்கள். கம்ப்யூட்டர் விசாரிக்காது. ‘இல்லை’ என்பதும் அதற்குப் பதில்தான், திரும்பிவிடும். கதவு திறக்காவிட்டாலோ, ‘இப்போது முடியாது’ என்றாலோதான் அடுத்த வீடு. திறக்காத வாசலில் 5 விநாடி வேறு நிற்கும். முதல் சர்வர் செத்துக் கிடந்தால் ஒவ்வொரு பெயருக்கும் இந்த 5 விநாடிதான்; ‘நெட் ஸ்லோ’ என்று ஊரெல்லாம் திட்டுவார்கள்.

ஆகவே எழுதுகிற சர்வர்கள் அத்தனையும் ஆபீஸ் பெயர்களை அறிந்தவையாக இருக்க வேண்டும். 8.8.8.8 என்ற கூகிள் சர்வருக்கு உங்கள் கணக்குப் பிரிவு மெஷினின் பெயர் எப்படித் தெரியும்? ‘டிக்’ என்ற கட்டளையால் ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாததைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் பைலில் கை வைக்காதீர்கள். இணைப்பு விட்டுத் திரும்ப வந்ததும் நெட்வொர்க் மேனேஜர் பழையபடி எழுதிவிடும். ‘என்.எம்.சி.எல்.ஐ.’ கட்டளை மூலம் அதனிடமே திருத்தத்தைச் சொல்ல வேண்டும். ரூட்டர் தருவதை ஏற்க வேண்டாம் என்றும் அதிலேயே சொல்லலாம். பைலில் 127.0.0.53 என்று மட்டும் இருந்தால் நிஜப் பட்டியல் அங்கே இல்லை. ‘ரிசால்வ் சி.டி.எல். ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் காட்டும்.