வாடகை வாங்க வந்த பெண்மணி

கதவு முழுவதும் திறக்கவில்லை. கொஞ்சம்தான் திறந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. கையில் வாடகைப் பணம்.

கதவுக்குப் பின்னால் யாரோ காலை அழுத்தி வைத்திருந்தார்கள். வாடகை வாங்க வந்தவர் உள்ளே நுழைந்துவிடக் கூடாதாம்!

அப்படி வாசலில் நின்றவர் ஓர் இளம்பெண். பெயர், ஆக்டேவியா ஹில். ஊர், லண்டன் மாநகரம். அவர் இந்த வேலையைத் தொடங்கிய ஆண்டு 1865. அப்போது அவருக்கு வயது 26. கதவிடுக்கில் பணம் வாங்கிய கதையை அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

மாதம் பிறந்ததும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு "திக்" என்கிறதே, அது எல்லா ஊருக்கும் பொதுதான். கையில் பணம் இருந்தால் கவலை இல்லை. இல்லை என்றால்? கதவைச் சாத்திக்கொள்வார்கள். "அப்பா வீட்டில் இல்லை" என்று குழந்தையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். பாக்கி ஏறும். பிறகு நோட்டீசு. பிறகு கோர்ட்டு. பிறகு சட்டி பானை தெருவில்!

ஆனால், பணம் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்குமே. வேலை போயிருக்கும். வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பார். அல்லது புத்தி கலங்கியிருக்கும். அந்தக் காரணத்தை முதலில் பார்ப்பவர் யார்? டாக்டர் அல்ல, அதிகாரியும் அல்ல. வாடகை வாங்க வருகிறவர்தான்.

பார்த்துவிட்டு அவர் என்ன செய்கிறார்? நோட்டீசு கொடுக்கிறாரா, உதவிக்கு ஆள் அழைக்கிறாரா? எளியவர்களின் குடித்தனம் நிலைப்பதும் கலைவதும் அதில்தான் இருக்கிறது.

இதற்கு ஹில் அம்மையார் லண்டனில் ஒரு வழி கண்டார். 126 ஆண்டுகள் கழித்து நியூயார்க் நகரில் வேறொரு வழி கண்டார்கள்.

எட்டாவது மகள்

ஹில் அம்மையார் 1838-ல் பிறந்தார். அவருடைய தந்தை தானிய வியாபாரி, பாங்கும் நடத்தினார். அவருக்கு அது எட்டாவது பெண் குழந்தை. லத்தீன் மொழியில் "ஆக்டேவியா" என்றால் எட்டாவது என்று பொருள்!

பெண்ணுக்கு இரண்டு வயது ஆவதற்குள் தந்தை திவாலானார். மனமும் உடலும் கெட்டன. குடும்பம் சிதறியது. தாயைப் பெற்ற தாத்தா ஒரு டாக்டர். ஏழைகள் வாழும் இடங்களில் காய்ச்சல் ஏன் பரவுகிறது என்று ஆராய்ந்தவர். அவருடைய ஆதரவில் பெண் வளர்ந்தாள்.

14 வயதில் ஆக்டேவியாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஏழைக் குழந்தைகள் பொம்மைச் சாமான் செய்யும் பட்டறையை மேற்பார்க்கும் வேலை. ஒரு குழந்தை வரவில்லை என்றால் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அப்படிப் போன இடத்தில்தான் அந்த வீடுகளைப் பார்த்தார். இருட்டு, ஈரம், நாற்றம்.

"இவர்களுக்கு நல்ல வீடு வேண்டும்" என்று ஒருவரிடம் சொன்னார். அவர் ஜான் ரஸ்கின். பெரிய எழுத்தாளர். 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் ஒரு புத்தகத்தைப் படித்துக் காந்தியடிகள் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார் அல்லவா? அந்தப் புத்தகத்தை எழுதியவர்தான் இந்த ரஸ்கின்.

தந்தை இறந்து ரஸ்கினுக்குச் சொத்து வந்திருந்த சமயம் அது. 750 பவுன் கொடுத்து மூன்று வீடுகளை வாங்கினார். 56 ஆண்டுகளுக்குக் குத்தகை. நிர்வாகத்தை ஹில் அம்மையாரிடம் ஒப்படைத்தார். ஒரு நிபந்தனை போட்டார். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் வர வேண்டும்!

இது கல்நெஞ்சு என்று நினைக்க வேண்டாம். தர்மமாகக் கொடுத்தால் அந்த மூன்று வீட்டோடு காரியம் முடிந்துவிடும். லாபம் வருகிறது என்று தெரிந்தால் மற்றவர்களும் பணம் போட வருவார்கள். ரஸ்கின் போட்ட கணக்கு அது.

சொர்க்கச் சந்து

அந்த வீடுகள் இருந்த சந்தின் பெயர் பாரடைஸ் பிளேஸ். பாரடைஸ் என்றால் சொர்க்கம். இருந்ததோ நரகம்!

ஹில் அம்மையாரின் கைக்கு வந்த வீடுகளில் சுவர் பெயர்ந்திருந்தது. கண்ணாடி உடைந்திருந்தது. மாடிப்படியின் கைப்பிடிக் கட்டைகளைப் பிடுங்கி அடுப்பு எரித்திருந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்தது.

அம்மையார் முதலில் சாக்கடையையும் தண்ணீரையும் சரி செய்தார். மற்றதை மெல்ல மெல்லச் செய்தார். வாரம் ஒரு முறை தாமே வாடகைக்குப் போனார். ஒரு கையில் கணக்குப் புத்தகம். ஆனால் கண் புத்தகத்தில் மட்டும் இல்லை. இருமுகிற குழந்தை எது, வேலை இல்லாமல் திண்டாடுபவர் யார், எந்த அடுப்பு எரியவில்லை என்று பார்த்தார்.

அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று பழுது பார்க்கப் பணம் ஒதுக்கினார். கண்ணாடியை உடைக்காமல், கதவை ஒடிக்காமல் இருந்தால் பணம் மிஞ்சும். மிஞ்சிய பணத்தில் குடியிருப்பவர்கள் என்ன கேட்கிறார்களோ, அதைச் செய்து கொடுத்தார். அதன் பிறகு கண்ணாடியைக் காப்பது அவர்கள் வேலையாகிவிட்டது!

இன்னொன்று. வெள்ளையடிப்பது, சில்லறை மராமத்துப் பார்ப்பது போன்ற வேலைகளை அம்மையார் அவசரப்பட்டு முடிக்கவில்லை. சேர்த்து வைத்தார். குடியிருப்பவர்களில் ஒருவருக்கு வெளியில் வேலை இல்லாமல் போகும்போது அவரிடம் அதைக் கொடுத்தார். கூலி வந்தது. அந்தக் கூலியிலிருந்து வாடகை வந்தது. படிக்கட்டைக் கழுவும் வேலை வளர்ந்த சிறுமிகளுக்கு. அதற்கும் கூலி உண்டு.

ரஸ்கினின் 5 வீதமும் வந்தது. 1874-க்குள் ஏறத்தாழ 3,000 பேர் அம்மையாரின் பொறுப்பில் இருந்த வீடுகளில் குடியிருந்தார்கள். வசூலுக்குப் போகப் பல பெண்களைப் பழக்கினார். 1896-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தோன்றியது.

மறு பக்கம்

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

ஹில் அம்மையார் பாக்கியைப் பொறுக்கமாட்டார். வாடகை தவறினால் காலி செய்யச் சொல்லி நோட்டீசு பறக்கும். நடத்தை சரியில்லை என்று அவருக்குப் பட்டவர்களும் வெளியேற வேண்டியதுதான். இனாம் கொடுத்தால் ஏழை சோம்பேறி ஆவான் என்று நம்பினார். முதியோருக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுப்பதைக்கூட எதிர்த்தார்!

உழைக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு இந்த முறை கை கொடுத்தது. தெம்பே இல்லாதவர்களுக்கு? குடியை விட முடியாதவருக்கு? காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் மனநோயாளிக்கு? அவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உதவுகிற கையும் நோட்டீசு கொடுக்கிற கையும் ஒரே கை. அந்தக் கையிடம் "நான் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டேன், அம்மா" என்று யார் சொல்லுவார்? கதவுக்குப் பின்னால் கால் வைப்பார்கள். அவ்வளவுதான்.

நியூயார்க் ஓட்டல்

இனி நியூயார்க் நகருக்குப் போவோம்.

அந்த நகரின் நடுவே டைம்ஸ் சதுக்கம் இருக்கிறது. கொட்டகைகளும் விளக்குகளும் நிறைந்த இடம். அதன் அருகே 1920-களில் கட்டிய 15 மாடி ஓட்டல் ஒன்று. டைம்ஸ் ஸ்கொயர் ஓட்டல் என்று பெயர். 1980-களில் அது சீரழிந்தது. வீடு இல்லாத குடும்பங்களை நகராட்சி அங்கே அடைத்து வைத்தது. சொந்தக்காரர் திவாலானார்.

அந்தக் காலத்தில் நியூயார்க் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் படுத்துக் கிடந்தார்கள். காரணம் இரண்டு. மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் குறைந்த வாடகையில் தங்கிவந்த ஒற்றை அறை ஓட்டல்களையோ, இடித்தோ மாற்றியோ பணக்காரர் வீடுகளாக்கிவிட்டார்கள்.

1990-ல் ரோசான் ஹேகர்டி என்ற பெண்மணி "காமன் கிரவுண்ட்" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1991-ல் அந்தப் பாழடைந்த ஓட்டலை வாங்கினார். பழுது பார்த்து 652 குடியிருப்புகள் ஆக்கினார். பெரும்பாலும் ஆளுக்கு ஓர் அறை. ஏறத்தாழப் பாதி, தெருவில் இருந்தவர்களுக்கு. மறு பாதி, குறைந்த சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கு. இருவரும் ஒரே வாசலில் நுழைவார்கள்; ஒரே லிப்டில் ஏறுவார்கள். யார் எந்தப் பாதி என்று நெற்றியில் எழுதியிருக்காது. "காமன் கிரவுண்ட்" நிறுவனம் 2015-ல் "பிரேக்கிங் கிரவுண்ட்" என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இரண்டு மேஜைகள்

இங்கே ஹில் அம்மையாரின் இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டார்கள். கட்டட நிர்வாகம் ஒரு நிறுவனம். வாடகை, மராமத்து, காவல், ஒப்பந்தம் எல்லாம் அதன் பொறுப்பு. உதவி செய்வது வேறொரு நிறுவனம். அதன் பெயர் "சென்டர் பார் அர்பன் கம்யூனிட்டி சர்வீசஸ்". மருந்து, வைத்தியம், பென்ஷன், வேலை எல்லாம் அதன் பொறுப்பு. இரண்டும் ஒரே கட்டடத்தில்.

இந்த மாதிரிக் கட்டடங்கள் இன்று அமெரிக்காவில் பல இருக்கின்றன. அவை நடக்கும் விதத்தைக் கேளுங்கள்.

குடியிருப்பவர் தம் பெயரிலேயே ஒப்பந்தம் எழுதுகிறார். வருமானத்தில் சுமார் நூற்றுக்கு 30 வீதம் வாடகை. குறிப்பிட்ட தேதிக்கு வரவில்லையா? வாடகை மேஜைக்காரர் உடனே உதவி மேஜைக்குத் தகவல் சொல்கிறார். மூன்று மாதம் காத்திருப்பதில்லை. உதவியாளர் போய்க் கதவைத் தட்டுகிறார்.

பென்ஷன் நின்றுபோயிருக்கலாம். காகிதத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். பணத்தை ஒரே நாளில் செலவழித்திருக்கலாம். எதுவானாலும் பாக்கி சிறிதாக இருக்கும்போது தவணை போடலாம். பெரிதானால் முடியாது.

தகவல் கொடுப்பவர் வாடகைக்காரர் மட்டும் அல்ல. குழாய் ரிப்பேருக்குப் போனவர், அறையில் பழைய பத்திரிகைகள் கூரை வரை குவிந்திருப்பதைப் பார்க்கிறார். பெருக்குகிறவர், ஒரு வாசலில் வைத்த பை அப்படியே கிடப்பதைப் பார்க்கிறார். வாசல் காவல்காரர் ஒருவரை இரண்டு நாளாகக் காணோம் என்கிறார். அவர்கள் எல்லாருக்கும் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் தகவல் போவது இல்லை. இது முக்கியம்! குடியிருப்பவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று உதவியாளர் வாடகை மேஜைக்குச் சொல்லமாட்டார். அவர் சம்மதித்தால் ஒழியச் சொல்லக் கூடாது. "வைத்தியம் பார்த்துக்கொண்டால்தான் வீடு" என்ற நிபந்தனையும் பொதுவாக இல்லை. வாடகை கொடுக்க வேண்டும். அண்டை அயலாருக்குத் தொந்தரவு கூடாது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

சண்டையும் உண்டு

இரண்டு மேஜையும் எப்போதும் கொஞ்சிக் குலாவுவது இல்லை.

"இவர் மூன்று மாதப் பாக்கி. எல்லாரும் இப்படி இருந்தால் லிப்டை யார் ரிப்பேர் செய்வது?" என்று நிர்வாகி கேட்பார். அதில் நியாயம் உண்டு. வாடகை வராத கட்டடம் இன்னொரு பாழடைந்த ஓட்டல் ஆகிவிடும்.

"இவரை வெளியே தள்ளினால் குளிரில் செத்துப்போவார்" என்று உதவியாளர் சொல்வார். அதிலும் நியாயம் உண்டு. செலவும் மிச்சம் ஆகாது. வீடு இல்லாமல் வந்து கேட்பவருக்கு நியூயார்க் நகராட்சி தங்க இடம் கொடுக்கவேண்டும். 1981-ல் ஒரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாடு அது. ஒரு வாசலில் விரட்டினால் இன்னொரு வாசலில் நகரமே செலவு செய்ய வேண்டியதுதான்.

ஆகவே இருவரும் அடிக்கடி கூடிப் பேசுகிறார்கள். பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார்கள். நிர்வாகி எச்சரிக்கைக் கடிதம் எழுதுவார்; அது அவருடைய வேலை. உதவியாளர் அதே கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வார். அது இவருடைய வேலை. சிலர் கோர்ட்டு வரை போவதும் உண்டு. வீட்டை இழப்பவர்களும் உண்டு. ஆனால் பாக்கி ஏறியது தெரியாமலே இழப்பது குறைவு.

வாடகை மேஜைக்கு வராதவர் சில நேரம் உதவியாளருக்கும் கதவைத் திறப்பது இல்லை. உள்ளே விளக்கு எரியும். ரேடியோ பாடும். பதில் வராது. உதவியாளர் ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்.

மறுநாள் மறுபடியும் வந்து தட்டுவார்.