சிறு வீட்டில் ஒரு மறைவிடம்

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. கடலூரிலும் சிதம்பரத்திலும் இல்லங்களை மந்திரிக்கச் செல்லும்போது, சிறுகக் கட்டிய வீடுகளையே மிகுதியாகக் காண்கிறோம். "சாமி, பாத்திரம் வைக்கவும் இடமில்லை" என்னும் முறையீட்டையும் தவறாமல் கேட்கிறோம். இதில் வியப்பில்லை. 2016-இல் தொடங்கிய நடுவண் அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு வகுத்த குறைந்த பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. அதற்குள் ஐந்தாறு பேர் உண்டு, உறங்கி, செபித்து வாழவேண்டும்.

நம் பாட்டனார் காலத்தில் இக்குறையைப் பரண் தீர்த்தது. இன்று பலர் அறியாத வேறோர் இடமும் உண்டு. சமையல் மேடையின் கீழ் அமைக்கும் மர அலமாரிகள் பல, தரையில் நேரே அமர்வதில்லை. ஏறத்தாழ 4 அங்குல உயரக் கால்களின்மேல் நிற்கின்றன. நின்று சமைப்பவரின் கால்விரல் இடிபடாதபடி, சற்று உள்வாங்கிய பலகை ஒன்று அந்த இடைவெளியை மறைத்து நிற்கிறது. அப்பலகைக்குப் பின்னால் உள்ளது வெற்றிடமே. அதில் ஓர் இழுப்பறை செய்து கொள்ளலாம்.

முதலில், பலகை பாரம் தாங்குகிறதா என்பதைத் தச்சரிடம் காட்டித் தெளிக. பாரம் தாங்கும் பலகையைத் தொடலாகாது. வெறும் மறைப்பேயாயின், அதனைக் கழற்றி உட்புறத்தை அளந்து, அவ்வளவிற்குச் சற்றுக் குறைவாக, உயரம் குறைந்த பெட்டி ஒன்று செய்து, அடியில் சிறு உருளைகள் பொருத்துக. கழற்றிய பலகையையே பெட்டியின் முகப்பாக அமைத்தால், இழுப்பறை இருப்பதே வெளியே தெரியாது. முறுக்கு அச்சு, தாம்பாளம், இட்லித் தட்டு, விருந்தினருக்கான தட்டுகள் யாவும் அதில் அடங்கும். ஓர் எச்சரிக்கை: சமையல் எரிவாயு காற்றினும் கனமானது, கசிந்தால் தரையோரமே தேங்கும். ஆதலால் சிலிண்டர் உள்ள பகுதியில் இவ்வாறு அடைத்தல் கூடாது. காற்றோட்டத்தையும் மறித்தல் கூடாது.

நம் பகுதிக்கெனச் சொல்ல வேண்டியது மற்றொன்றும் உண்டு. கெடிலமும் தென்பெண்ணையும் கடலூரில் கடலோடு கலக்கின்றன. சிதம்பரத்திற்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். 2015-ஆம் ஆண்டின் பெருமழையையும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் நாம் மறப்பதற்கில்லை. இங்கே தரையோரம் என்பது வெள்ளம் முதலில் நுழையும் இடம்.

2015-இல் வெள்ளம் வடிந்தபின் ஓர் இல்லம் சென்றோம். அயல்நாட்டில் உழைக்கும் கணவர், கள்வருக்கு அஞ்சி, வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றுகளையும் அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். மனைவியிடமும் அதைச் சொல்லவில்லை. இரவில் நீர் ஏறியபோது அப்பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டிற்கு ஓடினார்; காப்பாற்ற வேண்டிய தாள்கள் காலடியில் இருந்ததை அறியார். மறுவாரம் அவை கூழாகக் கிடைத்தன. பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற முடிந்தது; சான்றுகளைப் பங்குப் பதிவேட்டைப் பார்த்து நாமே எழுதிக் கொடுத்தோம். ஆனால், "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, கணவர் மறுமொழி கூற நெடுநேரம் ஆயிற்று.

ஆதலால் இருவகைப் பிரிவினை செய்வோம். நனைந்தால் துடைத்தெடுக்கக்கூடியவை கீழே இருக்கட்டும். பத்திரம், சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை நீர்புகா உறையில் பரண்மேல் இருக்கட்டும். அவை இருக்கும் இடத்தைக் கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். மறைவிடம் கள்வனுக்கு மறைவாகலாம். இல்லறத் துணைக்கு மறைவாதல் ஆகாது. திருமணத் திருவருட்சாதனத்தால் ஒன்றாகிய இருவரிடையே கடன், சேமிப்பு, பத்திரம் எதுவும் ஒளிந்திருத்தல் முறையன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தச்சரை அழைக்கும் முன், வீட்டிலுள்ளவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இடம் போதவில்லையென்று பெரிய களஞ்சியம் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை ஆண்டவர் நமக்காகவே சொன்னார். ஆண்டுக்கணக்கில் தொடாத பாத்திரமும் போர்வையும் அடுத்த தெருவில் ஓர் ஏழைக்கு இன்றே பயன்படும். அவற்றைக் கொடுத்தபின்னும் இடம் வேண்டுமாயின், தாராளமாக இழுப்பறை செய்து கொள்ளுங்கள். நசரேத்தூர்ச் சிறு வீட்டில் தச்சராய் உழைத்த புனித சூசையப்பர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக!